சுமை என் தோளில்

சிவசைலம் சாரின் பயம் வயிற்றில் இருக்கும். என்னுடையது தொண்டையில். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்து இருக்கும்போதும் எது யாருடையது என்று எனக்குக் குழம்பியதே இல்லை. வருடக்கணக்காக அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த மாதிரி மேகத்தைக் கண்டால் அவருக்கு வயிறு முறுக்கும், எந்த ஊரில் இறங்கும்போது லேசாகப் புரளும், மகனிடமிருந்து செய்தி வந்த நாளில் எவ்வளவு கனக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர் வீட்டம்மாவுக்குக்கூட இவ்வளவு தெரிந்திருக்காது.

அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். போகும்போது நான் ஓட்டினேன், அவர் சுமந்தார். வரும்போது அவர் ஓட்டினார், நான் சுமந்தேன். அதுதான் முறை. நல்ல வெயில், கீழே கடல். சாப்பாட்டு நேரம் முடிந்து துளசிமணி எங்களுக்கு டீ கொண்டுவந்தாள். பொள்ளாச்சிக்காரி. வேறு கம்பெனியில் விமானப் பணிப்பெண்ணாக இருந்துவிட்டு எங்களிடம் வந்தவள். அந்தக் கம்பெனிக்கு இன்னும் பட்டை வரவில்லை. அதனால் எங்கள் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த விரலகலப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இத மாட்டிக்கிட்டா சாருக்குப் பயமே வராதுங்களா?"

"பயம் வரும் துளசி. ஆனா அது அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

சார் சிரித்தார். "கடைல சாமான் வாங்குதது நானு, பையைத் தூக்குதது எஸ்தர். அம்புட்டுதான்."

"அப்ப அக்காவுக்கு ரெண்டாளு பயம்ங்களா?"

"ஆமா," என்றேன். "அதனாலதான் நான் எதையும் தொடக்கூடாது. பாக்கலாம், படிச்சுச் சொல்லலாம், ரேடியோ பேசலாம். முடிவு எடுக்கக்கூடாது."

"பயந்த கை தப்பான பட்டனைத் தட்டும்மா," என்றார் சார். "ஒரு இன்ஜின் நின்னு போச்சுன்னு பதறிக்கிட்டு, நல்லா ஓடிக்கிட்டிருந்த இன்னொரு இன்ஜினை அணைச்சவங்கல்லாம் உண்டு. பயத்தை வெளிய எடுத்துட்டா கை நேராப் போகும். பட்டை வந்தப்புறம் விபத்து எம்புட்டு குறைஞ்சிருக்கு தெரியுமா?"

"வெளிய எடுத்துட்டுக் கீழ போட முடியாதுங்களா? இன்னொருத்தர் தலைல தான் வெக்கோணுமா?"

பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கீழே போட முடியாது என்பதுதான் உண்மை. ஆராய்ச்சிக்காரர்கள் முயன்று பார்த்துவிட்டார்கள். ஒரு உடம்பிலிருந்து எடுத்தால் இன்னொரு உடம்பில் அதை வைத்தாக வேண்டும். தாய்மொழியில் சொன்னால்தான் சரியாகக் கைமாறும் என்றும் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் தமிழ் பேசுகிறவர்களை ஜோடி சேர்த்து, எங்களுக்கென்று இரண்டு வாக்கியங்களையும் கொடுத்தார்கள். எடுத்துக்கொள்கிறவர் "விமானம் என் கையில்" என்று சொல்ல வேண்டும். மற்றவர் "சுமை என் தோளில்" என்று பதில் சொல்ல வேண்டும். இரண்டும் காதில் விழுந்ததும் பட்டை மாற்றிவிடும். பயம் என்ற சொல்லையே கம்பெனி பயன்படுத்தாது. சுமை என்றுதான் சொல்லும்.

துளசிமணி போனதும் சார் பாத்ரூம் போக எழுந்தார். நான் இருக்கையை முன்னே தள்ளிக்கொண்டு "விமானம் என் கையில்" என்றேன். அவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டே "சுமை என் தோளில்" என்றார். திரும்பி வந்ததும் மறுபடி மாற்றிக்கொண்டோம். ஒரு பயணத்தில் நாலைந்து தடவையாவது இப்படி மாறும். சொல்கிறோம் என்ற நினைப்பே இருக்காது, நாக்கு தானாகச் சொல்லிவிடும். இறங்கிய பிறகு படிக்கிற சரிபார்ப்பும் அப்படித்தான். விளக்கெல்லாம் அணைந்ததா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் சுமப்பவர் "பட்டை?" என்பார். ஓட்டுபவர் சுவிட்சைத் தட்டி "விடுவித்தேன்" என்பார். பட்டைகள் அடங்கி, அவரவர் பயம் அவரவரிடம் வந்துவிடும். அந்தச் சுவிட்ச் ஓட்டுபவரின் விரலுக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

"வீட்ல ஃபேனை அமத்தும்போதுகூட வாய் 'விடுவித்தேன்'ங்குது. பொண்டாட்டி முறைக்கா," என்று சார் ஒருமுறை சொன்னார்.

இன்னொரு விதியும் உண்டு. நடுங்கும் குரலில் யாராவது விமானத்தைக் கேட்டால் பதில் சொல்லக்கூடாது. பயிற்சியில் நூறு விதமான நடுங்கும் குரல்களைப் போட்டு, வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக்கியிருந்தார்கள்.

அந்தமானைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். திரையில் ஒரு மஞ்சள் வரி வந்தது: எரிபொருள் சமமில்லை.

பெரிய விஷயமில்லை. இரண்டு இறக்கைகளிலும் டேங்க் இருக்கிறது, ஒன்றில் கொஞ்சம் குறைந்தால் இந்த வரி வரும். வலது டேங்க் குறைவாகக் காட்டியது. சார் கையை நீட்டிக் குறுக்கு வால்வைத் திறந்தார். இடது டேங்க் எண்ணெய் வலது இன்ஜினுக்கும் போக ஆரம்பித்தது. ஒவ்வொரு விமானியும் பல தடவை செய்த காரியம்தான்.

அப்போதுதான் வயிற்றில் வந்தது. தொண்டையில் இல்லை, வயிற்றில். யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கியது. அது என்னுடையது இல்லை என்று தெரிந்ததும் என் தொண்டையும் அடைத்துக்கொண்டது.

"சார், முதல்ல லீக் இருக்கான்னு பாக்கணும்," என்றேன்.

"பாத்தாச்சு. ரெண்டு இன்ஜினும் ஒரே அளவுதான் குடிக்குது."

"இன்ஜினுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒழுகினா அதுல தெரியாது. போட்டது எவ்வளவு, குடிச்சது எவ்வளவு, மிச்சம் எவ்வளவுன்னு கழிச்சுப் பாத்தேன். கணக்கு இடிக்குது சார். காணாமப் போயிருக்கு."

"எண்ணெய் மானி தப்பாக் காட்டும். போன மாசமும் இதே விமானத்துல காட்டிச்சுல்லா?"

"லீக்னா, இப்ப நீங்க நல்ல டேங்கையும் அந்த ஓட்டை வழியா ஊத்திக்கிட்டு இருக்கீங்க. வால்வை மூடுங்க சார். திரும்பிரலாம். அந்தமான் இன்னும் பக்கத்துலதான் இருக்கு. சென்னைக்கு ரொம்ப தூரம்."

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, சலிப்பு இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"எஸ்தர், இது சுமை பேசுது."

இந்த வாக்கியத்துக்கு எதிராகப் பேச வழியே கிடையாது. விதிப்புத்தகம் சொல்கிறது: கருவி உறுதி செய்யாதவரை, சுமப்பவரின் எச்சரிக்கை எச்சரிக்கை அல்ல. விதியை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. சுமப்பவர் கத்துவதையெல்லாம் கேட்டால் எந்த விமானமும் ஊர் போய்ச் சேராது. நானே எத்தனையோ தடவை காரணமில்லாமல் கத்தியிருக்கிறேன். இறங்கியதும் இருவரும் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

"உங்க வயிறும் பயப்படுது சார்."

"அது உன் பயம்மா."

"என்னுது தொண்டையில இருக்கும். இது வயித்துல முறுக்குது. வால்வைத் திறந்த நிமிஷத்துலேருந்து முறுக்குது. உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு சார். அது உங்களுக்கு வந்து சேரல, எனக்கு வந்துருக்கு. தயவு பண்ணி நம்புங்க."

"சரி," என்றார் சாந்தமாக. "தண்ணி குடி."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் அவரைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. எடுத்த தண்ணீர் பாட்டில் என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மிச்ச எண்ணெயைக் காட்டும் எண் என் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. நூற்றெண்பது பேர் பின்னால் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தார்கள். நிமிடத்துக்கு நிமிடம் அந்தமான் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

துளசிமணி உள்ளே வந்தாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"சார், வலப்பக்கம் உக்காந்திருக்கறவரு சொல்றாருங்க. ரெக்கைலருந்து வெள்ளையா என்னமோ நீளமாப் போகுதாம். நானும் பாத்தேனுங்க."

"ஈரக் காத்தும்மா. இறக்கை நுனில அப்படிக் கோடு வரும்."

"நுனில இல்லீங்க சார், இன்ஜினுக்குப் பக்கத்துல."

"சரிம்மா, பாத்துக்கிடுதேன். நீ போயி பின்னாடி உக்காரு."

அவள் என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ. "அக்கா?" என்றாள். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கதவு மூடிக்கொண்டது.

எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. விமானத்தை என் கைக்கு வாங்க வேண்டும். வாங்கிய உடனே சுவிட்சைத் தட்டி இரண்டு பட்டைகளையும் விடுவிக்க வேண்டும். நடுவானத்தில் விடுவித்தால் வேலை போய்விடும், போகட்டும். கேட்டு வாங்க முடியாது. இந்த நிலையில் நான் விமானத்தைக் கேட்டால் அவர் என் தலையைத் தடவிக்கொடுப்பார். ஆனால் அவர் நாக்கு இருக்கிறதே, அது யோசிக்காது. வழக்கமான குரல் கேட்டால் வழக்கமான பதிலைச் சொல்லும். குரலில் ஒரு துளி நடுக்கம் இருந்தாலும் அடங்கிவிடும்.

ஆக, இரண்டு பேருடைய சாவு பயத்தையும் உடம்பில் வைத்துக்கொண்டு, மூன்றே சொற்களை, டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில் நான் சொல்ல வேண்டும்.

முதல் முயற்சியில் குரல் உடைந்துவிடும் என்று சொல்வதற்கு முன்பே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். கன்னத்தின் உட்புறத்தைக் கடித்தேன், உப்புக் கரித்தது. கர்த்தரே, இந்த மூன்று வார்த்தைக்கு மட்டும் என் தொண்டையைத் திறந்துவிடும் என்று கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன் அதே வாக்கியத்தை எப்படிச் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். அப்போது என்ன யோசித்துக்கொண்டிருந்தேன்? சென்னையில் கேஸ் சிலிண்டர் வந்திருக்குமா என்று. இருக்கையை முன்னே தள்ளினேன். தண்டவாளத்தில் அது எப்போதும் எழுப்பும் 'கறக்' சத்தம் வந்தது. இடது கை விரலைச் சுவிட்சின்மேல் வைத்தேன். வலது கையால் பிடியைத் தொட்டேன். சிலிண்டர், சிலிண்டர், சிலிண்டர்.

"விமானம் என் கையில்."

"சுமை என் தோளில்," என்றார் சிவசைலம் சார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

மிக்ஸி ஓடி நின்றதும் வீட்டில் ஒரு நிசப்தம் வருமே, அப்படி இருந்தது. எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தொண்டை திறந்தது, வயிறு காலியாக இருந்தது, கடல் நீலமாக இருந்தது.

என் விரல் சுவிட்சில் இருந்தது. ஏன் வைத்தேன் என்பது நன்றாக நினைவிருந்தது. அழுத்த வேண்டும் என்றுதான் தோன்றவில்லை. மானியைப் பார்த்தேன். எரிபொருள் சமமில்லை. இரண்டு இன்ஜினும் ஒரே அளவு குடித்துக்கொண்டிருந்தன. போன மாதமும் இதே விமானத்தில் மானி தவறாகத்தானே காட்டியது.

"எஸ்தர்!" என்று சார் அலறினார். "லீக்! லீக்கு எஸ்தர்! நானே ஊத்திட்டேன்! வால்வை மூடு, திரும்பு, திரும்பு தாயி!"

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்து, உதடு கோணி, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. பாவம் என்று நினைத்தேன்.

"சார்," என்றேன், "இது சுமை பேசுது."

என் வாயால் சொன்னேன். அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று தெரிந்திருந்தும் சொன்னேன். சொல்லும்போது எந்த உறுத்தலும் இல்லை.

"விமானம் என் கையில்!" என்று கத்தினார். நடுங்கும் குரல். என் நாக்கு அசையவில்லை. "விமானம் என் கையில்! எஸ்தர், விமானம் என் கையில்!" மறுபடி மறுபடி கத்தினார். கெஞ்சினார். கேப்டனாக உத்தரவு போட்டார். தான் வாழ்க்கையில் செய்யாத காரியமாகக் கையெடுத்துக் கும்பிட்டார். ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன், அவர் குரலில் அது கேட்காமல் போகக்கூடாது என்று.

எவ்வளவு நேரம் இப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. கறுப்புப் பெட்டிதான் பிற்பாடு சொன்னது, ஐந்து நிமிடத்துக்கு மேல் என்று. விமானம் ஐந்து நிமிடத்தில் வெகு தூரம் போய்விடும். அந்தத் தூரம் முழுவதையும் திரும்பி வரவும் வேண்டும்.

பிறகு சார் அடங்கிவிட்டார். இரண்டு முழங்கால்களையும் கைகளால் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு விடுவது மட்டும் கேட்டது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். நிமிர்ந்து, சரிபார்ப்பு அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சம்பளத்துக்குப் படிக்கிறவனின் அரைத்தூக்கக் குரலில், சென்னையில் வந்து நின்றுவிட்ட மாதிரி கேட்டார்:

"லேண்டிங் லைட்?"

"அணைச்சாச்சு," என்றது என் நாக்கு.

"பட்டை?"

"விடுவித்தேன்."

விரல் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. தட்டிவிட்டது.

பயம் திரும்பி வந்தது. என்னுடையது மட்டும், தொண்டைக்கு. எனக்குத் தைத்த சட்டை மாதிரி அளவாக இருந்தது. பக்கத்தில் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விம்மினார். ஒருவரையொருவர் பார்த்தோம். மன்னிப்புக் கேட்க நேரமில்லை.

"நீ ஓட்டு," என்றார். குரல் நடுங்கியது. "ரேடியோவும் அட்டையும் நான் பாத்துக்கிடுதேன். எதைத் தொட்டாலும் வாய்விட்டுச் சொல்லிட்டுத் தொடு. நானும் சொல்லுதேன்."

"திருப்பறேன் சார். அந்தமானுக்கு."

"திருப்பு. குறுக்கு வால்வை மூடுதேன். இது குறுக்கு வால்வுதானே?"

"அதேதான். மூடுங்க."

"வலது இன்ஜினை அணைக்கணும். என் கை வலது மேல இருக்கு. பாரு."

"வலதுதான். இன்னொரு தடவை பாருங்க சார்."

"வலதுதான்."

"அணைங்க."

பட்டை வருவதற்கு முன்னால் விமானிகள் இப்படித்தான் பறந்தார்களாம். பயந்த ஒருவர் செய்வதை, பயந்த இன்னொருவர் சரிபார்ப்பார். எங்கள் கைகள் ஆடின, குரல்கள் ஆடின. ஆனால் தவறான எதையும் நாங்கள் தொடவில்லை. சார் அவசர அழைப்பு கொடுத்தார். துளசிமணியைப் போனில் கூப்பிட்டு எல்லாரையும் தயார் செய்யச் சொன்னார். "லீக்தானுங்களா?" என்று மட்டும் அவள் கேட்டாள். "ஆமா தாயி. நீ சொன்னது சரிதான்," என்றார்.

தீவு கண்ணுக்குத் தெரிந்தபோது இடது இன்ஜினும் நின்றது. அதன் பிறகு காற்றின் சத்தம் மட்டும்தான். சார் உயரத்தைப் படித்துக்கொண்டே வந்தார். ஓடுதளம் எதிரே நேராகத் தெரிந்தது, வெள்ளைக் கோடுகள்கூடத் தெரிந்தன.

"எட்டுமா சார்?"

அவர் உயரத்தை இன்னொரு தடவை படித்தார். எட்டாது என்று எனக்கும் தெரிந்தது. அந்த ஐந்து நிமிடம் கையில் இருந்திருந்தால் எட்டியிருக்கும்.

"சேத்துல எறக்கு," என்றார் கடைசியில். "இடப்பக்கம், அலையாத்திச் செடிக்கு முன்னாடி. மூக்கைத் தூக்கியே வை. இன்னும். இன்னும். நான் கூடவே இருக்கேன், தூக்கு."

வால் முதலில் இடித்தது. பிறகு சேறும் தண்ணீரும் கண்ணாடியை மூடின. நிற்கவே நிற்காது போல வழுக்கிக்கொண்டு போய், ஒருவழியாக நின்றது.

வால் ஒடிந்துவிட்டிருந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். எல்லாரும் கடைசி வரிசைகளில் இருந்தவர்கள். துளசிமணியின் இருக்கை அதற்கும் பின்னால், கதவை ஒட்டி. போய் உட்காரு என்று நாங்கள் அனுப்பிய இடத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

விசாரணைக் குழு சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் எங்களைக் கூப்பிட்டது. எங்கள் எதிரே மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற கேப்டன் வைத்தீஸ்வரன். பட்டை வந்த புதிதில் அதை முதலில் மாட்டிக்கொண்டு பறந்தவர்களில் ஒருவர் என்று அவர் மேல் எங்களுக்கெல்லாம் ஒரு மரியாதை உண்டு. இவருக்குப் புரியும் என்று நம்பித்தான் போனேன். அவர் தலையைத் திருப்பியபோது காதுக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். பழைய மாடல், சுவிட்ச் பட்டையிலேயே இருக்கும். மற்ற இருவர் காதிலும் இருந்தது.

"பெரிய முடிவெல்லாம் பதட்டத்துல எடுக்கக்கூடாதுல்ல?" என்றார், என் பார்வையைக் கவனித்து. "இப்ப ஆபீஸ்ல எல்லாருமே போட்டுக்கறோம்."

"சுமக்கறது யாரு சார்?"

"பக்கத்து ரூம்ல இருக்காங்க. கான்ட்ராக்ட் ஆளுங்க."

அப்போதுதான் அந்தச் சத்தம் என்னவென்று புரிந்தது. ஏசி சத்தம் என்று நினைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

தலைவர் எங்களைத் திட்டவில்லை. நிதானமாக விளக்கினார். பட்டையில் ஒரு ஓட்டை இருப்பது எங்களால் தெரியவந்ததாம். பழக்கத்தில் வாய் தவறிச் சொன்னால் சுமை கைமாறிவிடுகிறது, நடுவானத்தில் விடுவிக்கவும் முடிகிறது. இனி அது இருக்காது. புறப்படும்போது மாட்டினால் இறங்கி நிற்கும்வரை பூட்டுதான். யாராலும் மாற்ற முடியாது, திறக்க முடியாது. அவர் கையெழுத்துப் போட்டதும் எல்லா விமானங்களுக்கும் அது போய்விடும்.

"சார், நாங்க அதைத் திறந்ததாலதான் மிச்ச ஆளுங்க உயிரோட இருக்காங்க," என்றேன். "முன்னாடியே திறந்திருந்தா ஒன்பது பேரும் இருந்திருப்பாங்க. அடுத்த தடவை இந்த மாதிரி நடந்தா, சுமக்கறவங்க எல்லாம் தெரிஞ்சும், பாத்துக்கிட்டே கடல்ல போய் விழணுமா?"

"பாருங்கம்மா, நீங்க பேசல. சுமை பேசுது."

"நான் பட்டை போடல சார்! இது என்னோட பயம் மட்டும்தான்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் பிரியமாக. பேனாவைத் திறந்தார்.

நான் சிவசைலம் சாரைப் பார்த்தேன். சேற்றில் இறங்கிய நாளிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. கைகளை முழங்காலில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்படி அவர் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அவர் மெல்ல நிமிர்ந்தார். மூச்சை இழுத்து விட்டார். கொட்டாவி வரப்போகிறவரைப் போல மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"லேண்டிங் லைட்?"

"அணைச்சாச்சு," என்றார் தலைவர், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அடுத்த கேள்வி என்னுடையது. கன்னத்தின் உட்புறத்தைக் கடித்தேன். சிலிண்டர், சிலிண்டர்.

"பட்டை?"

தலைவருடைய இடது கை தானாக மேலே போய்க் காதுக்குப் பின்னால் தட்டியது.

"விடுவித்தேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை நின்றது. தலைவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா முனை காகிதத்தில் தடதடவென்று அடித்தது. அதைக் கீழே வைக்கப் பார்த்தார், கை கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த இருவரும் அமைதியாக அவரைப் பார்த்தார்கள். "சார், தண்ணி குடிங்க," என்றார் ஒருவர்.

தலைவர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அறிக்கையைப் பின்னோக்கிப் புரட்டினார். இறந்தவர்களின் படங்கள் இருந்த பக்கத்தில் நிறுத்தி, கடைசிப் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பொண்ணு," என்றார். "யூனிஃபார்ம்ல இருக்கே, இந்தப் பொண்ணு பேரு என்னம்மா?"

"துளசிமணி," என்றேன். என் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.